மைக் மாமாவின் அறையில் மட்டும்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி வந்த அந்த மனிதரை ஊரே மைக் மாமா என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கணீர்க் குரலில் மயங்கித்தான் டிக்கெட் கவுன்டரில் இருந்தவள் அவரைக் கைப்பிடித்தாள். யார் கண் பட்டதோ, பக்கவாதம் வந்து ஒரு கையையும் காலையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியது ஒரு முனகல். வலித்தாலும் அதுதான், பசித்தாலும் அதுதான். அவரைப் பார்த்துக்கொள்ள அவள் வேலையை விட்டாள்.

இப்போது வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. உட்கார்ந்து பேசும் இடத்தில் வைஃபை வேகம் முப்பதுக்குக் குறையக் கூடாது. பின்னால் வேறு சத்தம் கேட்கவே கூடாது. மாலையில் சோதனை அழைப்பு.

கேபிள்காரர் போனை ஏந்திக்கொண்டு வீடெங்கும் நடந்தார். கூடத்தில் ஒன்பது. சமையலறையில் நாலு.

"இது சுவரா, கோட்டை மதிலா, அக்கா? உள்ள பீரங்கி ஏதும் வச்சிருக்கீங்களா?"

"வைஃபை பெட்டியைக் கூடத்துக்கு மாத்திடேன்ப்பா."

"கதவிடுக்குல விட்டா இந்த வயரு ஒடிஞ்சிடும். சுவத்துல ஓட்டைதான் போடணும். உங்க ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டாரு."

வயர் வந்து இறங்கியது மாமாவின் அறையில். அங்கே மட்டும் நாற்பத்தெட்டு. அவரைக் கூடத்தில் கிடத்தலாம் என்றால், அவள் அவர் கண்ணில் படாவிட்டால் முனகல் ஓலமாகிவிடும். வைஃபையை மறித்த சுவர்கள் அதை ஒருநாளும் மறித்ததில்லை.

மாலையில் அவர் தலையணையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "ஏங்க, இன்னைக்கு எனக்குப் பரீட்சை. கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருப்பீங்களா? சத்தம் போடாம வரிசையில நில்லுங்கன்னு ஊரையே அதட்டின ஆளாச்சே நீங்க."

சிரிக்கத்தான் சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஹெட்போனில் கம்பெனிப் பெண் ஒருத்தி பேசினாள். "ஸ்பீடு நல்லாருக்கு மேடம். பேசிக் காட்டுங்க."

பேசினாள். உடைந்த பொருளுக்கு மன்னிப்புக் கேட்டாள், தாமதத்துக்கு வருந்தினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"வீடு இவ்வளவு அமைதியா இருக்கே. தனியாவா இருக்கீங்க?"

கட்டிலின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஆமாங்க. தனியாத்தான் இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை சேர்ந்துடுங்க. தினம் எட்டு மணி நேரம் பேசணும், முடியுமில்ல?"

"எட்டு மணி நேரமும் பேசிடுவேங்க."

அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பினாள். போர்வையின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பற்களால் கவ்வியிருந்தார் அவர். கண்ணீர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. அவசரம் வந்தும் அவளைக் கூப்பிடவில்லை.

ஓடிப்போய்ப் போர்வையை உருவினாள். அடக்கி வைத்த முனகல் அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்களை வச்சுக்கிட்டே தனியா இருக்கேன்னு சொல்லிட்டேங்க." அவர் மார்பில் முகம் புதைத்து அழுதாள்.

அவர் நல்ல கையால் அவள் தலையைத் தடவினார். பிறகு அதே கையால் அந்த ஈரப் போர்வை முனையைத் தேடியெடுத்தார். மெல்ல மடித்து, திங்கட்கிழமைக்காகத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.