பூ வைக்காத படம்

ஒஸ்லோவின் பனிக்காலச் சனிக்கிழமைகளை நினைத்தால், அவை நடந்தவையா கனவில் கண்டவையா என்று எனக்கே சந்தேகம் வரும். மத்தியான வெளிச்சம் வந்ததும் வராததுமாகப் போய்விடும். பனி சத்தமில்லாமல் விழ, பாராளுமன்றத்துக்கு முன்னால், இலங்கையில் காணாமல் போனவர்களின் படங்களோடு நிற்போம். டிராமில் போகிறவர்கள் கண்ணாடிக்குள் இருந்து எங்களைப் பார்த்தபடியே நழுவிப் போவார்கள்.

அக்காவின் கையில் அத்தானின் படம் இருக்கும். அக்காவிடம் வருவதற்கு விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்த மனிதரை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. விசாரிக்கப் போன அவருடைய தம்பியையும் வெருட்டி அனுப்பினார்கள். அங்கே வாய் திறக்க ஆளில்லாததால்தான் இங்கே வந்து நின்றோம். பனி விழ விழ, அக்கா கையுறையால் படத்தில் அத்தானின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அவருக்குக் குளிருமாம்.

ஒருநாள் நான் எல்லோருக்கும் கோப்பி வாங்கப் போயிருந்தேன். அக்கா தெருவின் மறுபக்கம் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து பார்த்தால், படங்கள் படியில் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மெழுகுவர்த்தி, சட்டத்தின் மேல் ஒரு வெள்ளை ரோசாப்பூ. கிழமைதோறும் எங்களோடு வந்து நிற்கும் நோர்வேக்காரப் பெண்மணியின் வேலை அது. பார்க்க அவ்வளவு அழகு. நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக அக்காவைத் தேடினேன். பூவும் விளக்கும் எங்கள் வீடுகளில் செத்தவர்களின் படத்துக்குத்தான் என்று அந்த மனுசிக்கு யார் சொன்னார்கள்?

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். குனிந்து அத்தானின் முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். பூவை எடுத்து எறிந்தாள்.

"அவர் செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது? கொண்டுபோன அரசாங்கமே இன்னும் சொல்லேல்லை. இவ ஆர் சொல்ல?"

நான் விசயத்தை நோர்வே மொழியில் விளக்கினேன். அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. மற்ற மெழுகுவர்த்திகளைத் தானே அணைத்து, பூக்களைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தார். பிறகு அத்தானின் படத்தை எடுத்து, தன் கம்பளிச் சால்வையால் துடைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

எங்கள் வீடு இருக்கும் பியோர்ண்டாலுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே மரமும் வீடும் நீலத்தில் கரைந்துகொண்டிருந்தன. ஆளைக் கொண்டுபோனதும் போதாதென்று, இவளை அழக்கூட விடாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மடியில் இருந்த படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. அவர் இருக்கிறார் எண்டு நீ நம்புறியோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவாயில்லை. நம்புறது என்ர வேலை. நீ வாற சனிக்கிழமையும் வந்து நிண்டாப் போதும்."