ஜமீலுன்னிசா திரையைப் பார்க்க மாட்டார்

1997-ல் தி.நகர் மருந்து மொத்தக் கடை ஒன்றுக்கு பில் போடும் ப்ரோக்ராம் எழுதினேன். முதலாளி சுந்தரராமன் 'வேலை திருப்தி' என்று கடிதம் தந்தால்தான் என் அமெரிக்க வேலை நகரும். வெள்ளிக்கிழமை கெடு. சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இன்னும் விசாவே வரவில்லை என்பது வேறு விஷயம்.

கடையில் பில் அடிப்பவர் ஜமீலுன்னிசா. நாற்பது வயது, திருவல்லிக்கேணி வீடு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பதினாறு வருஷமாக இடது பக்கம் ஆர்டர் சீட்டு, அதை விட்டு நகராத கண், வாயில் ஒரு கிராம்பு. டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோதும் கிராம்பு மாறவில்லை.

என் பெருமையெல்லாம் திரையில் வரும் ஒரு பெட்டியில் இருந்தது. மருந்துப் பெயரில் நாலு எழுத்து அடித்தால் கீழே பட்டியல் விழும். மிச்சப் பெயரைப் பெட்டியே நிரப்பிக்கொள்ளும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, திரையை முறைத்துக்கொண்டே சோதித்தேன். பிரமாதம்.

புதன்கிழமை ஜமீலுன்னிசா உட்கார்ந்தார். மடமடவென்று நாற்பது பில். வியாழன் காலை மந்தைவெளியிலிருந்து ஃபோன். 'கால்சின்' மாத்திரை கேட்ட கடைக்கெல்லாம் 'கால்சின் ப்ளஸ்' டானிக் போயிருந்தது. அவர் 'கால்சின்' என்று முடித்து என்டர் தட்டுமுன் என் பெட்டி 'ப்ளஸ்'ஸைச் சேர்த்துவிட்டிருந்தது.

"என்னப்பா இது, ஊரே டானிக் குடிக்கணுமா?" என்றார் சுந்தரராமன். "லெட்டரா? அப்புறம் பார்க்கலாம்."

நான் ஜமீலுன்னிசாவிடம் ஓடினேன். "மேடம், அடிக்கும்போது திரையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"நிமிந்து பார்த்தா இன்ஸ்டிட்யூட்ல ஸ்கேலால அடிப்பாங்க தம்பி. இப்ப போய் பழகச் சொல்றீங்களா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் வரலைன்னா என் வேலை போயிடும் மேடம்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் கிராம்பை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நான் அடிச்சதுல உங்க பொட்டி ஏன் கை வைக்குது? பட்டியல் விழட்டும். வேணும்னா நானே அம்புக்குறி அமுக்கி எடுத்துக்கறேன்."

இரண்டு மாசம் மெனக்கெட்டு எழுதியதில் பாதியை அன்று மத்தியானம் அழித்தேன். வெள்ளி காலை அறுபது பில். ஒரு பிழை இல்லை.

"இப்ப பெட்டி என்ன பண்றது?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"அடிச்சதை அப்படியே வெச்சுக்கும் சார்."

"அதுக்கா ரெண்டு மாசம்?" என்றவர், சரி, கடிதம் அடிக்கச் சொன்னார்.

ஜமீலுன்னிசா மூலையிலிருந்த பழைய டைப்ரைட்டரின் உறையை நீக்கினார். "இதுல கீழே ஒண்ணும் விழாதே, தம்பி?"

என் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை மட்டுமே பார்த்து அடித்து முடித்தார். விசா வந்து ஏறிய விமானத்தில் அந்தக் கடிதத்தை ஏழு தரம் சரிபார்த்தேன். தப்பே இல்லை.