மூன்று பிள்ளைகளிடமும் பை இருந்தது

கொஞ்ச வருடங்களுக்கு முன், ஓர் ஒக்டோபர் சனிக்கிழமை பின்னேரம் இது நடந்தது. இடம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதி. எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் உண்டு. ஞானஸ்நான விருந்து, கவுன்சில் கூட்டம், பிள்ளைகளின் நாடக வகுப்பு எல்லாம் அங்கேதான். அந்த மண்டபத்தைக் கடந்து போகும்போது இன்றைக்கும் என் தலை தானாகக் குனிகிறது.

நான் மன்னாரில் பிறந்தவன். இருபது வயதில் ஜெர்மனிக்குப் போய், பல வருடம் சமையலறைகளில் பாத்திரம் கழுவி, பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு முருங்கைக்காய், நைஜீரியாக்காரருக்கு யாம் கிழங்கு, போலந்துக்காரருக்கு ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. "என்ர கடையில நிறம் பார்க்கிறேல்லை" என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடக் கோடையில் நாட்டின் சில ஊர்களில் வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் பொழுது சாய முதலே கடைகளைப் பூட்டினோம். பிள்ளைகள் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கு நாடகம் பழக்குகிற இளம் ஆசிரியையும் எங்கள் கோயில் சுவாமியும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு நடந்த உண்மையான அநியாயங்களைப் பிள்ளைகள் கேட்டுவந்து நாடகமாக்குவது, பார்க்க வருபவர்கள் நாடகம் முடிந்ததும் வட்டமாக இருந்து அதைப் பற்றிக் கதைப்பது.

பத்து வயதான என் ஒரே மகள் என் கதையை எடுத்துக்கொண்டு போனாள்.

அது ஜெர்மனியில் நான் அகதி முகாமில் இருந்த காலத்துக் கதை. வெங்காயமும் மாவும் வாங்க ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். காவலாளி ஒருவன் வரிசை வரிசையாக என் பின்னாலேயே வந்தான். காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மறித்து, எல்லோரும் பார்க்க என் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னான். களவுப் பொருள் ஒன்றும் இல்லை. கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டு போ என்று கையால் சைகை காட்டினான், அவ்வளவுதான். அவன் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒத்திகை நடந்த நாட்களில் மகள் சாப்பாட்டு மேசையில், "பாக்கைக் கொட்டச் சொல்லேக்குள்ள உங்கட கை எங்க இருந்தது அப்பா?" என்றெல்லாம் விசாரித்தாள். இரண்டு கையையும் முன்னால் விரித்து வைத்திருந்தேன், ஒன்றும் எடுக்கவில்லை என்று காட்ட, என்று சொன்னேன்.

நாடகத்தில் என்னுடைய பாத்திரத்தில் நடித்தது மகளின் சிநேகிதி. நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவளுடைய தாய்க்கு நான் கைகொடுப்பேன். காவலாளியாக என் மகள், என்னுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு. கதிரைகளை வரிசையாக வைத்துச் சுப்பர்மார்க்கெட் ஆக்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பேசாமல் நின்றபோது என் கண் கலங்கிவிட்டது. நான் அப்படியேதான் நின்றேன். பக்கத்தில் இருந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் ஆசிரியை ஒரு விளையாட்டைச் சொன்னார். இதே காட்சியைத் திரும்ப நடிப்போம், பெரியவர்களில் ஒருவர் வந்து எப்படி நடந்திருக்க வேண்டும் என்று காட்டலாம், அநியாயம் என்று கண்டால் யாரும் 'ஸ்டாப்' சொல்லலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் கடைக்காரர்தானே, வாருங்கள். உங்கள் கடையில் நிற்பது போலவே நில்லுங்கள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அவ்வளவு பெருமை.

மேசைக்குப் பின்னால் நின்றேன். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு கடைக்குள் வந்தார்கள். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பையன், பிறகு என் மகள், கடைசியில் அந்த நைஜீரியப் பிள்ளை. பையனிடம் சுகம் விசாரித்தேன். மகளைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு மேசையைச் சுற்றி வந்து அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றேன். ஏன் வந்தேன் என்று நான் யோசிக்கவே இல்லை. "பையைக் கதவடியில் வைத்துவிட்டு வாங்கோ டார்லிங்" என்று ஆங்கிலத்தில், கடையில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"ஸ்டாப்."

சொன்னது என் மகள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "அப்பா, நாங்கள் மூண்டு பேரும் பாக் வைச்சிருக்கிறம்."

அவள் என்ன சொன்னாள் என்று ஆசிரியை கேட்டார். மகள் வாய் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் தமிழில் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதே விளங்கியது. அந்தப் பிள்ளையோ மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பையைக் கழற்றி ஏற்கனவே தரையில் வைத்திருந்தாள்.

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். சிரித்துக்கொண்டு, "கூடாத கடைக்காரன் எப்படி இருப்பான் என்று நடித்துக் காட்டினேன்" என்றேன். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்துக் கைதட்டினார்கள். நல்ல நடிகன் என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

வட்டமாக இருந்தபோது ஆசிரியை அந்தப் பிள்ளையிடம், என் முன்னால் நடித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். "நடித்தது மாதிரி இருக்கவில்லை. கடைக்குப் போனது மாதிரித்தான் இருந்தது" என்றாள். அவளுடைய தாய் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள். மனைவி மெல்லக் கேட்டாள். "நீங்கள் அங்க நடிக்கேல்லை, என்ன?"

"நடிச்சனான் எண்டு சொன்னன்தானே."

அவள் எட்டி நடந்து மகளோடு சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் பூசையில் அந்தத் தாய் வழமைபோலக் கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கடைக்குள் வந்தபோதுதான் என்னை நானே பார்க்கத் தொடங்கினேன். பைகளை வெளியே வைக்கவும் என்று கதவில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். எல்லோருக்கும் பொதுவாகத்தான். ஆனால் வாயால் அதை யாருக்குச் சொல்லியிருக்கிறேன்? ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கோ எங்கள் பிள்ளைக்கோ சொன்னதாக ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. என் கடையில் களவெடுத்துப் பிடிபட்டவர்கள் எல்லா நிறத்திலும் இருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் ஆள். அப்படியிருந்தும் நான் யார் பின்னால் நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மகள் கடைக்கு வரும் நாட்களில் அவளுடைய சிநேகிதி வெளியே மழையிலும் நின்றுகொண்டிருப்பாள். கூச்சப்பட்ட பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மகளிடம் கேட்டேன்.

"அவ ஏன் உள்ள வாறேல்லை?"

"முதல் நாள் வந்தவ. நீங்கள் பாக்கை வைக்கச் சொல்லிப்போட்டு அவவுக்குப் பின்னாலயே நடந்தனீங்கள். அதுக்குப் பிறகு வாறேல்லை."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

பிறகு, ஜெர்மனிக் கதையை இனி நடிக்கப் போவதில்லை என்றாள். அதைச் சொல்லத் தனக்கு வெட்கமாக இருக்கிறதாம். எந்தக் கோபத்தையும் நான் தாங்கியிருப்பேன். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. எனக்கு நடந்த அநியாயம்கூட என்னால் அசிங்கமாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். நாடகத்தைத் திரும்பப் போடுவதற்கான ஒத்திகைக்கு முன் பெற்றோர் வட்டமாக இருந்தார்கள். ஆசிரியையிடம் அனுமதி கேட்டு எழுந்தேன். என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே தடுமாறும். போன கிழமை நான் நடிக்கவில்லை, என் கடையில் நான் செய்வது அதுதான், பொய் சொல்லிவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

பக்கத்தில் இருந்த தமிழர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "இருங்கோ அண்ணை. கடை எண்டா களவும் நடக்கும்தானே. இதையெல்லாம் ஏன் இவையளுக்குச் சொல்லுறியள்?" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உட்கார்ந்துவிடலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் மகள் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையிடமும் அவளுடைய தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

தாய் ஆறுதலாகத்தான் பேசினார். "இது எனக்குப் போன கிழமை தெரிந்த விஷயமில்லை. பால் முடிந்தால் நாங்கள் பெரிய ரோட்டைக் கடந்து மற்றக் கடைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எனக்குக் கை தருகிறீர்கள். இதைச் சொன்னதற்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. அதுதான் சரி.

வெளியே போகத் திரும்பினேன். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து நின்றாள். "அங்கிள், நான் இன்னும் உங்களாக நடிக்கலாமா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையை ஆட்டினேன். நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய அனுமதியை அவள் என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நத்தார் பண்டிகைக்கு முன் அந்த நாடகம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் திரும்பப் போடப்பட்டது. பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைசியில் ஒரு புதுக் காட்சி வைத்திருந்தார்கள். "வைக்கலாமா அப்பா?" என்று மகள் முதலே கேட்டிருந்தாள். ஜெர்மனியில் தன் பையைக் கொட்ட வேண்டிவந்த மனிதன் லண்டனுக்கு வந்து கடை திறக்கிறான். இப்போது அவனாக நடித்தது என் மகள். அந்தப் பிள்ளை அவளாகவே பையோடு கடைக்குள் வந்தாள். முன்வரிசையில் இருந்து முழுவதையும் பார்த்தேன். எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை.

கதவில் ஒட்டியிருந்த தாளை எப்போதோ கிழித்துவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். மகளோடு எப்போதாவது கடைக்குள் வந்து ஜூஸ் வாங்கிக்கொண்டு போவாள். அவளுடைய தாய் இன்றுவரை வரவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் வெட்கம் போய்விடும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அது போகவில்லை, கடை வைத்திருக்கும் வரைக்கும் அது போகவும் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.