பாலத்தில் இறங்கி நடந்தவர்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தொண்ணூற்றெட்டு கிலோ. தாராவியில் எங்கள் சந்துக்குள் எதிரே ஆள் வந்தால் அவர்தான் பின்னால் நடந்து போய் வழிவிட வேண்டும். அக்காவைக் கட்டிய நாள் முதல் அந்த உடம்பை நான் கேலி செய்யாத நாள் இல்லை. அவரும் கூடச் சிரிப்பார். சிரிக்கிற மனுசனுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு சின்ன டெம்போ, கேஸில் ஓடுவது. எங்கள் சந்தில் பிழியும் முறுக்கை டின்களில் அடைத்து மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். ஓட்டுவது நான். டின்னை இறக்குவதும் கடைக்காரர்களிடம் பேசுவதும் அத்தான். முறுக்குக்கு இடம்தான் வேண்டும், கனம் கிடையாது. எங்கள் வண்டியில் கனமான சரக்கு அத்தான்தான் என்று கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடை பாக்கியில்லாமல் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு மைலேஜ் பைத்தியம். கேஸ் வரிசையில் நிற்கும் டெம்போக்காரர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. அவர்களுக்கெல்லாம் ஒரு கிலோ கேஸுக்கு இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டி எனக்குப் பதினாறைத் தாண்டவில்லை. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் போட்டேன். ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் இறக்கினேன். ஒன்றும் கூடவில்லை. இறக்குவதற்கு மிச்சம் இருந்தது ஒருவர்தான்.

குர்லா பக்கம் ரயில் பாதையைத் தாண்டும் பாலம் ஒன்று உண்டு. பாரவண்டி ஏற்றத்தில் திணறினால் கூட வருகிற ஆள் இறங்கி நடப்பது எங்கள் தொழிலில் பழக்கம். எங்கள் வண்டியில் பாரமே இல்லை. ஆனாலும் ஒரு நாள் பாலத்தடியில் நிறுத்திவிட்டேன்.

“அத்தான், கோவிச்சுக்கிடாதீய. ஏத்தத்துல மட்டும் இறங்கி நடந்தியன்னா வண்டிக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.”

மடியில் பிடித்திருந்த டின்னை அவர் மெதுவாக இருக்கையில் வைத்தார். “சரிடே மாப்ள. நீ முன்னால போ, வாரேன்.”

அதன்பின் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாலம் வந்ததும் அவரே இறங்கிவிடுவார். நான் அந்தப் பக்கம் போய் நிழலில் நிறுத்திக் கண்ணாடியில் பார்ப்பேன். சட்டை முழுக்க நனைந்து, ஓரச் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடுவார். நான் ஹாரன் அடிப்பேன். ஏறி உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு திரும்பியதும் டின்னை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்வார்.

“மெதுவா போ மாப்ள. நீ பிரேக்க மிதிக்கதுல முறுக்கெல்லாம் நொறுங்குது.”

நான் அதைக் காதில் வாங்கியதில்லை. பச்சை விழுந்தால் முதல் ஆளாகச் சீற வேண்டும், அடுத்த பஸ்ஸின் முதுகில் போய் பிரேக் அடிக்க வேண்டும். அதுதான் என் ஓட்டம்.

மழை தொடங்கிய வாரம், வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பிறகு நான் டாக்டரிடம் தனியாகப் போய்ப் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். நடந்ததால்தான் என்று சொல்ல முடியாது, இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கும் என்றார். மூச்சு வாங்கியிருக்குமே, கூட இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லையா என்றும் கேட்டார். கவனித்தேன். ஹாரன் அடித்தேன்.

காரியம் முடிந்து வண்டியை எடுத்தேன். புத்தி போகுமா? கேஸ் நிரப்பி, ஓடிய தூரத்தைப் பார்த்தேன். பதினாறரை. தொண்ணூற்றெட்டு கிலோ மனிதர் எனக்கு அரைக் கிலோமீட்டர்தான் பாரமாக இருந்திருக்கிறார். கேஸ் வரிசையிலேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

மைலேஜ் ஏன் வரவில்லை என்று காட்டப் போனபோது, குர்லா மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். தேய்ந்து வழவழவென்று இருந்தது. “பாய், கிளட்ச் பே பேர் ரக்கே சலாதே ஹோ,” என்றார். கிளட்சிலிருந்து காலையே எடுக்காமல் ஓட்டுகிறேனாம். சீறிக் கிளம்புவதிலும் உடனே பிரேக் அடிப்பதிலும்தான் கேஸ் போகிறது, ஒரு ஆள் எடையெல்லாம் ஒரு எடையா என்றார். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம். நான் கோணல் என்று சொன்னது ஒரு மனிதரை.

அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பாலம் என்று வாயெடுத்ததும் அவளே சொன்னாள்.

“தெரியும்லா. நடந்தா உடம்பு குறையும்னு அவியளேதான் இறங்கி நடக்கதா சொன்னாவ. நீ வேண்டாம்னு எவ்வளவோ சொல்லியும் கேக்கலியாமே.”

நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை திறக்கவில்லை.

இப்போது கிளட்சில் கால் வைப்பதில்லை. சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைக்கிறேன். முறுக்கு நொறுங்குவதில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் திரும்ப ஏறிவிட்டன. வண்டி கிலோவுக்கு இருபது கொடுக்கிறது. அத்தான் பாலத்தில் இறங்காமல் உட்கார்ந்து வந்தாலும் கொடுக்கும்.