கோட்டுக்குக் காவல் கிளிஃபர்ட்

கோட்டின் பெல்ட்டில் தொங்கும் பித்தளை வளையத்தைக் காட்டி, "இதுலதான் கைக்குண்டை மாட்டுவாங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். கிளிஃபர்ட் ராம்ஸ்டன் வாயில் ஊறிக்கொண்டிருக்கும் பெப்பர்மின்ட்டை எடுத்து, காகிதத்தில் சுற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை.

"குண்டைத் தொங்கவிட்டுக்கிட்டு முள்கம்பிக்கு அடியில தவழ்ந்து பாரு. கோட்டும் மிஞ்சாது, நீயும் மிஞ்சமாட்ட. அது வரைபடப் பையை மாட்டுற வளையம்ப்பா."

யார்க்ஷயரில், ஆல்டன்ஷா ஊரில், முப்பத்தெட்டு வருடம் தபால்காரராக நடந்து தேய்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு வார இறுதிகளில் ஊர் அருங்காட்சியகத்துக்குச் சம்பளமில்லாத காவலர். இருப்பது இரண்டே அறை. சுரங்க விளக்குகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்தக் காக்கி ட்ரெஞ்ச் கோட்டை, பதுங்குகுழிப் போர்க்காலத்து மழைக்கோட்டைப் பற்றிக் கேட்டால், கையில் உள்ள தேநீர் ஆறிவிடும்.

துணி முதல் உலகப் போருக்கு முந்தியது, வேட்டைக்காரர்கள் உடுத்தியது என்று ஆரம்பிப்பார். தோள்பட்டி பதவிச் சின்னம் குத்த. முதுகு மடிப்பு மழைநீர் வழிந்தோட. போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டியதைக் குமாஸ்தா போட்டான், துப்பறிகிறவன் போட்டான், பெண்கள் போட்டார்கள். பழைய துணிக் கடையில் வாங்கிய ட்ரெஞ்ச் கோட்டோடு வந்த கல்லூரிப் பெண்ணொருத்தி, நூறு வருடமாக ஏன் இது பழசாகவில்லை என்று கேட்டாள்.

"மழை மாறலையேம்மா. அப்புறம், அந்த பெல்ட்டை இழுத்துக் கட்டிப் பாரு. வெட்டியா நிக்கிறவனுக்கும் ஏதோ வேலையாப் போறவன் களை வந்துரும்."

ஊரையே திருத்துகிற மனிதர், பெட்டியின் மேலிருந்த அட்டையை மட்டும் ஆறு வருடமாகக் கண்டும் காணாமல் இருந்தார். 'சிப்பாய் ஹெர்பர்ட் ஓல்ட்ராய்ட் போர்முனையில் அணிந்தது' என்றது அட்டை. முதல் போரில் இந்தக் கோட்டை அதிகாரிகள்தான் சொந்தக் காசில் வாங்கி அணிந்தார்கள். சிப்பாய்க்குக் கிடைத்தது மழையையும் சேற்றையும் குடித்துக் கனக்கும் கம்பளிக் கோட். ஹெர்பர்ட்டோ சுரங்கத் தொழிலாளி. ஆனால் அவருடைய மகள் ஐவி, தொண்ணூறு தாண்டியும், ஒவ்வொரு நவம்பரும் கைத்தடி ஊன்றி வந்து அந்த அட்டையை உதடசையப் படிப்பாள். அவளிடம் போய் யார் சொல்வது?

போர் தொடங்கி நூறு ஆண்டு நிறைந்த 2014-இல் விஷயம் முற்றியது. தூசி தட்டக் கோட்டை வெளியே எடுத்தபோது, உள்பையில் தைத்திருந்த துணிப்பட்டை கண்ணில் பட்டது. 'ஜே. மார்வுட்.' கிளிஃபர்ட் ராணுவப் பதிவேட்டைத் தேடினார். லெப்டினன்ட் மார்வுட், ஓல்ட்ராய்ட் இருந்த அதே படைப்பிரிவு, 1917 ஏப்ரலில் இறந்தவர். அருங்காட்சியகக் குழு கூடி, 'ஓர் அதிகாரியின் கோட். ஓல்ட்ராய்டிடம் எப்படி வந்தது என்று தெரியவில்லை' என்று புது அட்டை எழுதியது. படித்தவர்கள் எழுதிய மரியாதையான வாக்கியம்தான். ஆனால் ஊர் வாய் அதை எப்படிப் படிக்கும் என்று கிளிஃபர்ட்டுக்குத் தெரியும்: பிணத்திலிருந்து உருவியது.

அட்டை வைப்பதற்கு முன் ஐவியிடம் தானே சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்டார். நல்லதோ கெட்டதோ, வந்த கடிதத்தைத் தபால்காரன் கொடுத்துத்தானே ஆகவேண்டும். இரண்டு இரவு தூக்கமில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னாள்.

ஞாயிறு காலை ஐவி வந்தாள். கோட் மேசைமேல் கிடந்தது.

"என்ன கிளிஃப், சலவைக்குப் போடுறியா?"

"உட்காருங்க, மிஸ் ஓல்ட்ராய்ட். ஒரு விஷயம். இது உங்க அப்பாவோட கோட் இல்லீங்க. அதிகாரி ஒருத்தரோடது. அவர் பதினேழாம் வருசம் போர்ல செத்துட்டார். உள்ள பேரு இருக்கு."

ஐவி பட்டையைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"மார்வுட். எங்க அண்ணன் பேராச்சே இது."

"எந்த அண்ணன்?"

"மூத்தவன். நாப்பத்தேழாம் வருசம் கனடா போயிட்டான், உனக்கு நினைவிருக்காது. மார்வுட் ஓல்ட்ராய்ட். பள்ளிக்கூடத்துல என்ன கேலி தெரியுமா தம்பி? ஹாரி, ஜாக்குன்னு இருக்கிற தெருவுல இவன் மட்டும் தொரை பேரோட திரிஞ்சான். ஏம்ப்பா வெச்சேன்னு கேட்டா அப்பா வாயே திறக்கமாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார், 'எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் வீட்டுல அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்'னு."

உருவிக்கொண்டு வந்தவன் தலைமகனுக்கு அந்தப் பேரை வைப்பானா? எவ்வளவு பெரிய பழியைச் சுமத்த இருந்தோம் என்று கிளிஃபர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து, கோட்டைத் தோள்பட்டிகளில் பிடித்துத் தூக்கி, அவளுக்குப் பின்னால் போய் விரித்து நின்றார்.

ஐவி கைத்தடியை மேசைமேல் சாய்த்துவிட்டு, பின்னால் கை நீட்டி அதற்குள் நுழைந்தாள். கைகள் உள்ளே காணாமல் போயின. கிளிஃபர்ட் குனிந்து, விரல்கள் வெளியே தெரியும்வரை கோட்டின் இரண்டு கைகளையும் மடித்துவிட்டார்.