மேற்கு ஜன்னலின் வெயில்

வீட்டில் அவளுக்குச் 'சக்கரம்' என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அக்கா ஒரு கோபத்தில் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. படித்து முடித்த கையோடு கிளம்பியவள் ஊர் ஊராகச் சுற்றினாள். ஓர் ஊரில் ஓட்டலில் தட்டு கழுவினாள். இன்னோர் ஊரில் பணக்கார வீட்டு நாய்களை நடத்திக்கொண்டு போனாள். நாய்கள்தான் அவளை இழுத்துக்கொண்டு போயின என்பது அக்காவின் கணிப்பு.

அதிக நாள் தங்கியது ஜப்பானில், கட்டடங்கள் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில். அட்டையை வெட்டி மாதிரி வீடுகள் ஒட்டும் வேலை. அங்கே சுவரைப் பற்றி யாரும் அதிகம் பேசமாட்டார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் நுழையும், எதன்மேல் விழும், எப்போது வெளியேறும், இதுதான் காலையிலிருந்து பேச்சு. பூச்சில்லாத சிமெண்ட் சுவர், அதில் சிமெண்ட் வார்க்க அடித்த பலகைகள் பதிந்த கோடு, சுவருக்கு நடுவே கை நுழையும் அகலத்தில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியே வந்த வெயில் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிட மறந்து நின்றாள். அதற்குமுன் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் அவள் நின்றதே இல்லை.

பிறகு அங்கேயும் கால் அரித்தது. ஒரு பையுடன் வீடு வந்து சேர்ந்தாள். பை கட்டிலுக்கு அடியில் பாதி வெளியே நீட்டியபடி கிடந்தது.

"அதைப் பிரிக்கவே மாட்டியா?" என்றாள் அக்கா. "தாண்டித் தாண்டி எனக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு."

"பிரிக்கணும்க்கா."

"பிரிக்கிறதுக்குள்ள பறந்துடுவ. தெரியாதா எனக்கு?"

அப்பாவுக்கு ஜன்னல் வேலை. அலுமினியச் சட்டம் அடிப்பது, கண்ணாடி மாட்டுவது, வெயில் தாங்காதவர்களுக்குக் கண்ணாடியில் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டுவது. அவர் கடையின் பின்பக்கம் கிடந்த உடைந்த கண்ணாடித் துண்டுகளை அவள் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போனபோது, "எதுக்கு பாப்பா?" என்று கேட்டார். "ஒரு வேலைக்குப்பா" என்றாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம்.

அந்த வேலை, ஊர் நூலகத்தின் புதுக் கூடத்தில் வைக்க ஒரு சிற்பம். சிமெண்ட் பீடம், அதன்மேல் அடுக்கடுக்காக மெல்லிய மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே இழுத்து ஒட்டிய வெள்ளைத்தாள், இடுக்குகளில் செம்புக் கம்பியில் தொங்கும் அப்பா கடைக் கண்ணாடி. பிற்பகலில் மேற்கு ஜன்னலிலிருந்து வரும் வெயில் சட்டங்களுக்குள் நுழைந்தால் தாள் விளக்குபோல் ஒளிரும்; கண்ணாடியிலிருந்து தரையெங்கும் சில்லுச் சில்லாக ஒளி தெறிக்கும். வெயில் இல்லையென்றால், கொத்தனாரும் தச்சரும் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் விட்டுப்போன சாமான்தான் அது.

பீடத்தை அவள் அங்கேயே, கூடத்தின் தரையிலேயே வார்த்தாள். இதுவரை அவள் கை வைத்த எதுவும் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. இது மட்டுமாவது நகரக்கூடாது என்று ஒரு வீம்பு. வேலை முடிந்ததும் ஒரு மாலை ஊர் பார்க்கத் திறப்பு. சரியாக வந்தால் இங்கேயே இருந்து அடுத்த வேலையைப் பார்ப்பது, இல்லையென்றால் பை இருக்கவே இருக்கிறது என்று மனசுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

திறப்புக்கு முந்தின நாள் மதியத்துக்குமேல் வந்து, தலை நிமிராமல் கடைசிக் கம்பியைக் கட்டிவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், நகத்தைக் கடித்தாள். மேகம் போலிருக்கிறது என்று வெளியே போய்ப் பார்த்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்ப ஓடிவந்து ஜன்னலைத் தொட்டாள். கண்ணாடி முழுக்கக் கறுப்பு.

"காலைல உங்கப்பா வந்து ஒட்டிட்டுப் போனாரும்மா," என்றார் நூலகர் அம்மாள் பூரிப்பாக. "ஒரு குமிழி இல்ல பாருங்க! எங்க வீட்டுக்கும் சொல்லிவெச்சிருக்கேன்."

அவள் கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அக்காவுக்குப் போன் போட்டு ஏதோ கத்தினாள். பாதிதான் புரிந்தது என்றாலும் அக்கா அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பா உள்ளே வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தார். "எப்படி இருக்கு பாப்பா? நீ வேர்த்து வடிஞ்சுக்கிட்டு வேலை செய்யறதை அன்னிக்கு வாசல்லேர்ந்து பார்த்தேன். தாள் வேற ஒட்டியிருக்க. இந்த வெயில்ல ஆறு மாசத்துல மஞ்சளாயிடும்."

அவள் கறுப்பு ஜன்னலைக் கை காட்டினாள். கண் கலங்கியது.

"அப்பா, அவளுக்கு அந்த வெயில்தான் வேணுமாம்," என்று அக்கா போட்டு உடைத்தாள்.

"வெயிலா?" அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "வெயிலை மறைக்கத்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க. வெயில் வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா!"

"கேட்டேனே. வேலைன்னு சொன்ன."

பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறும் எண்ணம் அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. கால்கூட வாசல் பக்கம் திரும்பியது. ஆனால் பீடம் தரையோடு தரையாக இறுகிக் கிடந்தது. அதை எங்கே தூக்கிக்கொண்டு போவது? சாக்கட்டியை எடுத்துத் தரையில் மண்டியிட்டாள். வெயில் எங்கே நுழையும், எந்தச் சட்டத்தில் படும், எதுவரை நகரும் என்று கோடு கோடாக இழுத்து, ஜப்பானில் சாப்பிட மறந்து நின்ற கதை வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பா குந்தி உட்கார்ந்து கேட்டார். ஒரு கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முழுசா எடுத்துடவா?"

"முழுசா."

"தாள் மஞ்சளாயிடும், சொல்லிட்டேன்."

"ஆகட்டும்பா. மாத்தி ஒட்ட நான் இருப்பேன்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக ஏதாவது குத்தலாகச் சொல்பவள், அன்று சோப்புத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் ஒட்டியது இன்னும் காயவில்லை. பிளேடால் ஓரத்தை நெம்பி, அப்பா மேலிருந்து உரித்துக்கொண்டே வந்தார். ஈரக் கண்ணாடி வழியே வெயில் வழிந்து வந்தது. அதற்குள் சூரியன் எதிர்க் கட்டடத்தின் தலையைத் தொட்டுவிட்டிருந்ததால் முழுதாக வரவில்லை. தாளின் மேல்பாதி மட்டும் ஒளிர்ந்தது. கீழே ஒரு பெரிய இருட்டு. கோணம் தப்பிவிட்டதோ? சட்டத்தில் பிழையோ? சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பார்த்தாள்: அந்த இருட்டுக்குத் தோளும் காதும் இருந்தன.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க."

"நானா மறைக்கிறேன்?" அவர் வாளியோடு நகர்ந்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்ப்பா."