குருபரப்பள்ளி ஜூரி

"ஒரு தடவ பாத்த மூஞ்சிய நான் மறந்ததா சரித்திரமே கெடையாது. ஜட்ஜு எதுக்கு? என்னயக் கூப்பிட்டா தோச வேகறதுக்குள்ள கேஸு முடிஞ்சுரும்!"

இப்படி முழங்கியவர், குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் டிபன் கடை நடத்தும் குல்ஷன் அக்கா. ஜூரி முறையை நம் நாட்டில் எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்த உத்தரவு குருபரப்பள்ளிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அக்கா கடையில் தோசைக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள்தான் ஜூரி. பேப்பரில் வரும் கொலை, கொள்ளை அத்தனைக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. விடுதலை என்ற சம்பவம் மட்டும் இதுவரை நடந்ததில்லை.

போன வருஷம் கடை வாசலில் நின்ற பைக்கை ஒருவன் பட்டப்பகலில் கிளப்பிக்கொண்டு போனான். பார்த்த ஒரே சாட்சி அக்கா. போலீஸ் யாரையோ பிடித்த சேதி வந்ததும் ஜூரி கூடியது.

"அவனேதானாக்கா?"

"பின்ன? போலீஸு சும்மாவா பிடிப்பாங்க?"

"ஹௌதக்கா, ஹௌது!" என்று மாலூர் டிரைவர் கன்னடத்தில் ஆமாம் போட்டு வழிமொழிய, தீர்ப்பு ஏகமனதானது.

ஆளை அடையாளம் காட்டும் சில்லறை வேலை மட்டும் பாக்கி. அதற்காகக் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனார் அக்கா. வெளியே பெஞ்சில் இருந்த ஒல்லி இளைஞன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"சாப்ட்டியா தம்பி?"

"இல்லக்கா."

அக்காவின் இட்லி டப்பா திறந்தது. "குருபரப்பள்ளி பைக் திருடன அடையாளம் காட்ட வந்திருக்கேன். ஆயிரம் பேர்ல நின்னாலும் விடமாட்டேன்."

இட்லி அவன் தொண்டையில் நின்றது. "நீங்க காட்டிட்டா உள்ள போட்ருவாங்களாக்கா?"

"பின்ன, மாலையா போடுவாங்க? சட்னி தொட்டுக்க."

"விஜயகுமார்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றவன், ஜாமீனில் வந்து பெஞ்சில் இட்லி சாப்பிட்ட அதே இளைஞன்.

"வண்டிய எடுத்தவர் இங்க இருக்காரா?" என்றார் அரசு வக்கீல்.

கூண்டில் நிற்பது ஒரே ஆள். விரலை நீட்டினால் வேலை முடிந்தது. அக்காவின் கை பாதி எழுந்து அப்படியே நின்றது.

நீதிபதி பேனாவை வைத்தார். "அவசரமில்லம்மா. போலீஸ் சொன்னது, ஊர் சொன்னது எதுவும் வேணாம். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க."

அக்கா என்னவோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"அடையாளம் தெரியலைங்கய்யா. இந்தத் தம்பிக்குத்தான் இம்புட்டு நேரம் பக்கத்துல ஒக்கார வெச்சு இட்லி போட்டிருக்கேன்; அப்பவே தோணலையே."